கஞ்சாவும் கருவிலுள்ள சிசுவும்

நமது நாட்டில் கஞ்சாச் செடியை அறியாத பகுதி மிகக் குறைவு. இமயமலைச் சாரலிலும் கங்கைச் சமவெளியிலும் அது பாதையோரத்தில் தானே முளைத்து நிற்கக் காணலாம். ஒரே செடியினின்று பெறப்படும் மூன்று பொருள்கள் மூன்று பெயர்களில் வழங்குகின்றன. இலையை உலர்த்தி அரைத்தால் அது பாங்கு. பெண் செடியின் பூங்கொத்தைப் பிசினோடு உலர்த்தினால் அது கஞ்சா. அப்பிசினை மட்டும் தனியே திரட்டினால் அது சரஸ். பாங்கில் வீரியம் குறைவு; கஞ்சாவில் அதிகம்; சரஸில் மிக அதிகம். 1985ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், மருத்துவ, விஞ்ஞானத் தேவைகளுக்கு அன்றிப் பின்னிரண்டையும் தடை செய்கிறது. பூங்கொத்து சேராத இலையையும் விதையையும் அச்சட்டம் தன் வரையறைக்குள் கொள்ளவில்லை. ஆதலின் சில மாநிலங்களில் பாங்கு, அரசாங்க உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டு வருகிறது.

இவ்வேறுபாடு சட்டத்திற்கு உரியது. கருவிலுள்ள சிசுவுக்கு உரியதன்று. மூன்றிலும் மயக்கம் தருவது ஒரே இரசாயனப் பொருளே. அது தாயின் இரத்தத்தில் சேர்ந்தபின், கடையில் உரிமத்துடன் வாங்கிய இலையிலிருந்து வந்ததா, மறைவில் வாங்கிய பூவிலிருந்து வந்ததா என்ற பேதம் இல்லை. இதனைக் கிராமங்களில் பணிபுரியும் சுகாதாரப் பணியாளரும் ஆசிரியரும் முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஏனெனில், “எங்கள் பகுதியில் பெண்கள் கஞ்சா பிடிப்பதில்லை” என்பதே இப்பொருள் பற்றி நாம் வழக்கமாகக் கேட்கும் விடை. புகைத்தலைப் பொறுத்தமட்டில் அவ்விடை பெரும்பாலும் உண்மையே. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் பொருட்டு தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையம் நடத்தி, 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 2.8 பேர், அதாவது ஏறத்தாழ 3.1 கோடி மக்கள், ஓராண்டுக்குள் இச்செடியின் ஏதேனும் ஒரு பொருளை உபயோகித்திருந்தனர். அவர்களுள் பெண்கள் மிகச் சிலரே. ஆனால் அந்த 3.1 கோடியில் பெரும்பகுதியினர் உபயோகித்தது பாங்கு என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது. பாங்கு புகைக்கப்படுவதன்று, குடிக்கப்படுவதும் உண்ணப்படுவதுமாகும். ஹோலிப் பண்டிகையின் தண்டாய்ப் பானத்திலும், சிவராத்திரிப் பிரசாதமாகவும், வடமாநிலக் கடைகளில் ‘முனக்கா’ என்னும் பெயரில் செரிமானத்திற்கென விற்கப்படும் உருண்டையிலும் அது வீட்டிற்குள் நுழைகிறது. ‘விஜயா’ என்பது ஆயுர்வேத நூல்களில் இச்செடிக்கு வழங்கும் பெயர். அது சேர்ந்த மருந்துகளின் மேலுறையில், மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ளத்தக்கது என்ற எச்சரிக்கை இருத்தல் வேண்டும் என்பது மருந்துச் சட்ட விதி. அவ்வெச்சரிக்கையைப் படிப்பவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

தாயிடமிருந்து சிசுவிற்கு

கஞ்சாவின் மயக்கப் பொருளுக்கு டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்று பெயர், சுருக்கமாக டி.எச்.சி. எனப்படும். 1964இல் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகளான இரஃபேல் மெச்சோலமும் யெஹியேல் கவோனியும் இதனைத் தூய நிலையில் பிரித்து இதன் அமைப்பை நிறுவினர். 1988இல் மூளை உயிரணுக்களின் மேற்பரப்பில் இப்பொருள் வந்து பொருந்தும் ஏற்பிகள் உள்ளன என்பது அமெரிக்காவில் அறியப்பட்டது. நமது மூளை கஞ்சாவுக்கென்று ஏற்பிகளை ஏன் வைத்திருக்கவேண்டும்? இவ்வினாவிற்கு 1992இல் விடை கிடைத்தது. அவ்வேற்பிகளுக்குரிய பொருளை உடலே உண்டாக்கிக்கொள்கிறது. அதனைக் கண்டறிந்தோர் அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயரிட்டனர். அப்பெயரின் முற்பகுதி வடமொழியின் ‘ஆனந்தம்’ என்னும் சொல்லே.

கருவில் இந்த ஆனந்தமைடு போன்ற பொருள்கள் ஆற்றும் தொழில், பெயரைப் போல இன்பம் பற்றியது அன்று. வளரும் மூளையில் நரம்பிழைகள் எத்திசையில் நீளவேண்டும், எங்கே நின்று எந்த அணுவோடு இணையவேண்டும் என்பதற்கு வழிகாட்டும் இரசாயனக் குறிப்புகளுள் இவையும் ஒன்று. மனிதக் கருவில் 14ஆவது வாரத்திலேயே மூளையில் இவ்வேற்பிகள் காணப்படுகின்றன. குறித்த காலத்தில், குறித்த இடத்தில், நுண்ணிய அளவில் தரப்படவேண்டிய ஒரு குறிப்பு, வெளியிலிருந்து வரும் பொருளால் எல்லா இடத்திலும் ஒருங்கே தரப்படுமாயின் குழப்பம் நேரக்கூடும் என்பது எளிதில் விளங்கும். ஆய்வுக்கூட விலங்குகளில் இக்குழப்பம் கண்கூடாகக் காணப்பட்டுள்ளது.

டி.எச்.சி. கொழுப்பில் கரைவது; நீரில் கரையாதது. நச்சுக்கொடியின் மெல்லிய சவ்வுகள் கொழுப்பில் கரையும் பொருள்களைத் தடுத்து நிறுத்த வல்லவை அல்ல. விலங்குகளில் செய்த சோதனைகளில், ஒரு வேளை மருந்துக்குப் பின் கருவின் இரத்தத்தில் காணும் அளவு தாயின் இரத்தத்திலுள்ளதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. தொடர்ந்து கொடுத்தால் இவ்வளவு மேலும் உயர்கிறது. கொழுப்பில் கரையும் தன்மைக்கு மற்றொரு விளைவும் உண்டு. சாராயம் சில மணி நேரத்தில் உடலைவிட்டு நீங்கிவிடும். டி.எச்.சி.யோ உடற்கொழுப்பில் தங்கி, நாட்கணக்கிலும், வழக்கமாக உபயோகிப்போரிடம் வாரக்கணக்கிலும், சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டிருக்கும். மயக்கம் தெளிந்ததும் பொருளும் போய்விட்டது என்ற எண்ணம் தவறானது.

புகைத்தலுக்கும் உண்ணுதலுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே கூறவேண்டும். புகைத்தால் சில நிமிடங்களில் மயக்கம் வரும். அத்துடன் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் இரத்தத்தில் சேர்ந்து, சிசுவுக்குச் செல்லவேண்டிய பிராணவாயுவைக் குறைக்கும். சிலிம்பியில் கஞ்சாவுடன் புகையிலையைக் கலந்து புகைப்பது நமது நாட்டு வழக்கம். ஆகவே புகையிலையின் தீங்கும் சேர்கிறது. பாங்கைக் குடித்தால் புகையின் தீங்கு இல்லை. ஆனால் மயக்கம் வர அரைமணி முதல் இரண்டு மணி நேரம்வரை ஆகும். அதற்குள் “ஒன்றும் தெரியவில்லையே” என்று இரண்டாவது கோப்பையும் குடித்துவிடுவோர் பலர். வந்த மயக்கமோ ஆறு மணி நேரத்திற்கு மேலும் நீடிக்கக்கூடும். புகையில்லை என்பதால் பாங்கு தீங்கற்றது என்று எண்ணுவதற்கு இடமில்லை.

எடை பற்றிய ஆராய்ச்சிகள்

கர்ப்ப காலத்தில் கஞ்சா உபயோகித்த தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்து பிறக்கின்றனவா? இக்கேள்விக்கு விடை காண்பது தோன்றும் அளவுக்கு எளிதன்று. அதன் சிக்கலை அறிந்தாலன்றி விடையின் மதிப்பையும் அறியமுடியாது. கஞ்சா உபயோகிக்கும் பெண், உபயோகிக்காத பெண்ணிடமிருந்து அந்த ஒன்றில் மட்டுமா வேறுபடுகிறாள்? பல நாடுகளில் அவள் புகையிலையும் புகைக்கிறாள்; மது அருந்துகிறாள்; உணவு குறைவாக உண்கிறாள்; வறியவளாக இருக்கிறாள்; கர்ப்பகாலப் பரிசோதனைக்குத் தாமதமாக வருகிறாள். குழந்தையின் எடை குறைந்தால் பழி இவற்றுள் எதன்மேல்? கலப்புக் காரணங்களைப் பிரித்தறிதல் என்று ஆராய்ச்சியாளர் கூறுவது இதனையே. இரண்டாவது சிக்கல், பெண்கள் உண்மையைச் சொல்லத் தயங்குவது.

இரண்டாவது சிக்கல் எத்துணைப் பெரிது என்பதை, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்து 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வு தெளிவாக்கிற்று. 1,226 தாய்மார்களை விசாரித்ததோடு நில்லாமல் அவர்களுடைய சிறுநீரையும் பரிசோதித்தனர். விசாரணையையும் சிறுநீரையும் சேர்த்துப் பார்த்தபோது நூற்றுக்கு 27 பேர் கர்ப்ப காலத்தில் கஞ்சா உபயோகித்திருந்தனர். சிறுநீரில் கஞ்சா காணப்பட்ட தாய்மாரின் குழந்தைகள், பிற காரணங்களைக் கழித்த பின்னரும், சராசரியாக 79 கிராம் எடையும் அரை சென்டிமீட்டர் நீளமும் குறைந்திருந்தன. வாய்மொழியை மட்டும் நம்பிக் கணக்கிட்டிருந்தால் இத்தொடர்பு வெளிப்பட்டிராது. மறைத்தவர்கள், ‘உபயோகிக்காதவர்’ என்ற வரிசையில் சேர்ந்து, இரு வரிசைகளுக்குமிடையே உள்ள வேறுபாட்டை மங்கச் செய்திருப்பார்கள். பழைய ஆய்வுகள் சில ‘தீங்கு ஏதும் காணவில்லை’ என்று முடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

முதற் சிக்கலைத் தீர்க்க நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் ஒரு நல்ல உபாயம் கையாளப்பட்டது. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, நுண்ணொலிப் படத்தின் மூலம் சிசுவின் வளர்ச்சியைப் பல முறை அளந்தனர். தாய் கஞ்சா உபயோகித்திருந்தால் கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்தே சிசுவின் வளர்ச்சி தளர்ந்தது. பிறந்தபோது எடையும் குறைந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்து கடைசிவரை விடாது உபயோகித்தவர்களின் குழந்தைகளிடம் இக்குறைவு மிகுதி. உபாயம் யாதெனில், தந்தை கஞ்சா உபயோகிப்பதையும் அவர்கள் குறித்துக்கொண்டார்கள். வறுமையோ, வீட்டுச் சூழலோ, உணவோதான் உண்மைக் காரணம் என்றால், தந்தை மட்டும் கஞ்சா உபயோகிக்கும் வீட்டிலும் குழந்தையின் எடை குறைந்திருக்கவேண்டும். அவ்வாறு குறையவில்லை. 2009இல் வெளியான இம்முடிவு, காரணம் தாயின் உடலினூடே செல்லும் பொருள்தான் என்ற கருத்துக்கு வலிவு தருகிறது. ஒரு வகுப்பில் விஞ்ஞான முறையை விளக்க விரும்பும் ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எளிதில் கிட்டாது.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 6,61,617 பெண்களின் பதிவேடுகளைப் பரிசீலித்து 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கஞ்சா உபயோகிக்காதோரில் நூற்றுக்கு 6.1 பேருக்குக் குறைமாதப் பிரசவம். உபயோகித்ததாகச் சொன்னோரில் நூற்றுக்கு 12 பேருக்கு. இருமடங்கு! ஆனால் வயது, வருமானம், புகையிலை, மது முதலியவற்றில் ஒத்த பெண்களையே ஒப்பிட்டபோது, அவ்வெண்கள் 7.2 என்றும் 10.2 என்றும் நெருங்கிவிட்டன. அதாவது இருமடங்காகத் தோன்றிய ஆபத்து ஒன்றரை மடங்குக்கும் சற்றுக் குறைவாயிற்று. மீதி, கஞ்சாவுடன் கூட வந்த பிற காரணங்களின் பங்கு. அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2017இல் கிடைத்த ஆதாரங்கள் யாவற்றையும் பரிசீலித்து, கர்ப்ப காலத்தில் கஞ்சா புகைத்தலுக்கும் எடை குறைந்த பிறப்புக்கும் உள்ள தொடர்பை வலுவான ஆதாரமுடையது என்று தீர்மானித்தன. ஏனைய பிரசவச் சிக்கல்களுக்கு அப்போதிருந்த ஆதாரம் குறைவே என்றும் கூறின.

2023இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு, முதல் முறை கருவுற்ற 9,257 பெண்களின் சிறுநீரைப் பரிசோதித்தது. எடைக்குறைவு, குறைமாதப் பிரசவம், இறந்து பிறத்தல், இரத்த அழுத்தக் கோளாறு ஆகிய நான்கில் ஒன்றேனும் நேர்ந்தவர் கஞ்சா காணப்பட்டோரில் நூற்றுக்கு 25.9, காணப்படாதோரில் 17.4. இவ்வாய்வில் களப்பணியாளருக்கு மிகவும் பயன்படும் செய்தி வேறொன்று. முதல் மூன்று மாதங்களில் மட்டும் உபயோகித்துப் பிறகு விட்டுவிட்டவர்களிடம், ஆபத்து மிகுந்ததாகத் திட்டமாகச் சொல்லுமளவுக்கு வேறுபாடு காணப்படவில்லை. தொடர்ந்து உபயோகித்தவர்களிடமே அது தெளிவாகக் காணப்பட்டது. கர்ப்பம் என்று அறியுமுன் ஹோலியன்று ஒரு கோப்பை குடித்துவிட்ட பெண், குழந்தை ஊனமாகப் பிறக்குமோ என்று அஞ்சி வருவாள். அவளுக்கு நாம் மனச்சான்றோடு ஆறுதல் கூறலாம். இனி வேண்டாம் என்பதே அவளுக்குச் சொல்லவேண்டிய சொல்.

ஜமைக்காத் தீவில் கண்டது

இவற்றுக்கெல்லாம் மாறாக ஓர் ஆய்வு உண்டு. அதைக் கூறாது விடுவது நேர்மையாகாது. 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ஜமைக்காத் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களோடு இச்செடியும், ‘கஞ்சா’ என்ற இந்தியப் பெயரும் அங்கே சென்று நிலைத்தன. அத்தீவின் கிராமப்புறப் பெண்கள் சிலர் கஞ்சாவைப் புகைப்பதோடு தேநீர் போலக் காய்ச்சியும் குடிப்பர். மெலனி டிரெஹர் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடன் உழைத்தோரும், அவ்வாறு உபயோகித்த தாய்மாரின் 24 குழந்தைகளையும் உபயோகிக்காதோரின் 20 குழந்தைகளையும் ஒப்பிட்டு 1994இல் முடிவுகளை வெளியிட்டனர். மூன்றாம் நாளில் இரு வகையினருக்குமிடையே வேறுபாடில்லை. ஒரு மாதத்தில், உபயோகித்தோரின் குழந்தைகளே சற்று நல்ல நிலையில் இருந்தன!

கஞ்சா குழந்தைக்கு நன்மை செய்கிறது என்று இதனைக் காட்டி வாதிப்போர் இன்றும் உளர். ஆராய்ச்சியாளர்களோ அவ்வாறு கூறவில்லை. அக்கிராமங்களில் மிகுதியாகக் கஞ்சா உபயோகித்த தாய்மார், மற்றவர்களைவிடச் சொந்த வருமானமும் கல்வியும் உடையவர்கள். அவர்கள் வீட்டில் பராமரிக்கவேண்டிய சிறு குழந்தைகளும் குறைவு. ஆகவே அவர்களுடைய குழந்தை கூடுதலான கவனிப்பைப் பெற்றது என்று ஆசிரியர்களே விளக்கம் தந்தனர். வேறு நாடுகளில் வறுமையும் கஞ்சாவும் ஒருங்கே வந்து கஞ்சாவின் தீங்கைப் பெருக்கிக் காட்டின; ஜமைக்காவில் வசதியும் கஞ்சாவும் ஒருங்கே வந்து அத்தீங்கை மறைத்தன. அன்றியும், 44 குழந்தைகளைக் கொண்டு 80 கிராம் அளவுள்ள வேறுபாட்டைக் கண்டுகொள்வது அரிது.

நமது நாட்டில் ஆங்கில அரசாங்கம் 1893–94இல் அமைத்த சணல் மருந்துக் கமிஷனைப் பற்றியும் இதே எச்சரிக்கை தேவை. அக்கமிஷன் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, மிதமான உபயோகத்தால் பெரிய தீங்கில்லை என்று கூறிற்று. அது அக்காலத்திற்குப் பெருமுயற்சியே. ஆனால் டி.எச்.சி. என்ற பொருளே அறியப்படாத, சிறுநீரில் அதனை அளக்க வழியில்லாத காலத்து முடிவு அது. கர்ப்பிணிக்கு அதனை மேற்கோளாகக் காட்டுதல் பொருந்தாது.

எண்பது கிராம் பெரிதா?

மூன்று கிலோ எடையுள்ள குழந்தைக்கு எண்பது கிராம் குறைந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். தனியொரு கொழுத்த குழந்தைக்கு அது பொருட்டன்று. ஆனால் நம் நாட்டில் குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடை ஏறத்தாழ 2,800 கிராம். 2,500 கிராமுக்குக் குறைந்தால் அது எடைக்குறைவு என்று கொள்ளப்படுகிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வில், எடை பார்க்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 18 இக்கோட்டுக்குக் கீழே இருந்தன. அதாவது கோட்டுக்குச் சற்று மேலே நெருக்கமாக நிற்கும் குழந்தைகள் நம்மிடம் ஏராளம். 2,550 கிராம் இருக்கவேண்டிய குழந்தை 80 கிராம் இழந்தால் 2,470 ஆகிவிடும். அத்தாய் இரத்தசோகை உடையவளாகவும், புகையிலை மெல்லுபவளாகவும், வீட்டு விறகடுப்பின் புகையில் நாள் முழுதும் நிற்பவளாகவும் இருந்தால், ஒவ்வொன்றும் தன் பங்கைக் கழிக்கும். கஞ்சா அக்கழித்தலில் ஒரு வரி. எடை குறைந்த குழந்தை விரைவில் குளிர்ந்து போகிறது. பால் குடிக்கச் சோர்கிறது. நோய்த்தொற்றுக்கு எளிதில் இரையாகிறது. பிறந்த முதல் மாதத்தில் இறக்கும் குழந்தைகளுள் பெரும்பகுதி இத்தகையனவே.

ஆயினும் மிகைப்படுத்திக் கூறுதல் கூடாது. தாய் அபின் வழக்கமுடையவளாயின், பிறந்த குழந்தைக்கு நடுக்கமும் இடைவிடாத அலறலும் வலிப்பும் ஏற்பட்டு மருத்துவமனையில் சிகிச்சை தேவைப்படும். கஞ்சாவில் அத்தகைய கொடிய நிலை ஏற்படுவதில்லை. கனடாவின் ஒட்டாவா நகரில் 1978இல் தொடங்கிய ஆராய்ச்சியில், கஞ்சா உபயோகித்தோரின் பச்சிளங் குழந்தைகளிடம் மெல்லிய நடுக்கமும் எளிதில் திடுக்கிடலும் குறிக்கப்பட்டன. பிட்ஸ்பர்க் நகரில் 1982இல் தொடங்கிய ஆராய்ச்சி அக்குழந்தைகளைப் பத்து வயதில் மீண்டும் சோதித்து, கவனக்குறைவும் பதற்றமான நடத்தையும் சற்று மிகுந்திருக்கக் கண்டது. ‘சற்று’ என்ற சொல்லை ஆசிரியர்கள் மறத்தலாகாது. வகுப்பில் கவனமின்றி இருக்கும் ஒரு சிறுவனைக் காட்டி, இவன் தாய் கருவுற்றபோது என்ன குடித்தாள் என்று ஊகிப்பது அறிவுமன்று, அறமுமன்று.

வாந்திக்கு மருந்தா?

கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் குமட்டலைத் தணிக்கவும், உறக்கத்திற்காகவும் சில பெண்கள் பாங்கோ அது சேர்ந்த லேகியமோ உட்கொள்வதுண்டு. பசி எழுப்பும் தன்மையும் குமட்டலைத் தணிக்கும் தன்மையும் டி.எச்.சி.க்கு உண்டு என்பது உண்மையே. விந்தை யாதெனில், நெடுநாள் மிகுதியாக உபயோகிப்போருக்கு அதுவே அடங்காத வாந்தியை உண்டாக்கும். 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதனை முதன்முதல் விவரித்தனர். வாந்தி எடுப்பவர் சுடுநீரில் மீண்டும் மீண்டும் குளிப்பதால் மட்டுமே சிறிது நிவாரணம் பெறுவர். அதுவே இந்நோயின் அடையாளம். கர்ப்பிணியிடம் இவ்வடையாளத்தைக் கண்டால், வழக்கமான மசக்கை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அனுப்புக. சாதாரண மசக்கைக்குச் சிறு சிறு வேளைகளாக உண்பதும், இஞ்சியும் பெரும்பாலும் போதும். போதாதெனில் மருத்துவர் தரும் டாக்சிலமின், பிரிடாக்சின் கலந்த மாத்திரை கர்ப்பத்தில் நீண்ட காலமாக ஆராயப்பட்ட மருந்தாகும்.

தாய்ப்பால்

டி.எச்.சி. பாலின் கொழுப்பிலும் சேர்கிறது. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 50 தாய்மாரிடம் பெற்ற 54 பால் மாதிரிகளில் நூற்றுக்கு 63இல் அது காணப்பட்டது. கடைசியாக உபயோகித்து ஆறு நாட்கள் வரையிலும் காணப்பட்டது. ஆகவே ஒரு வேளைப் பாலைக் கறந்து கொட்டிவிட்டு அடுத்த வேளை கொடுக்கலாம் என்ற யோசனை, மதுவுக்கு ஓரளவு பொருந்துமேயன்றிக் கஞ்சாவுக்குப் பொருந்தாது.

அப்படியாயின் தாய்ப்பாலை நிறுத்திவிடச் சொல்லலாமா? செல்வ நாடுகளின் நூல்களைப் படித்துவிட்டு நம் கிராமத்தில் அவ்வாறு சொல்வது பெருந்தவறாகும் என்பது எனது கருத்து. கிணற்று நீரில் கரைத்த புட்டிப்பால், வயிற்றுப்போக்கால் குழந்தையைக் கொல்லும் ஆபத்து நேரானது, உடனடியானது. பாலிலுள்ள சிறிதளவு டி.எச்.சி.யின் தீங்கோ அத்துணை உறுதியாக அளக்கப்பட்டதன்று. நிறுத்தவேண்டியது பாங்கு, பால் அன்று. மயக்கத்திலுள்ள தாய் குழந்தையை அருகிற் கிடத்தி உறங்குதல் மட்டும் கூடவே கூடாது. அவள்மீது உருண்டு மூச்சடைக்கச் செய்யக்கூடும். அன்று குழந்தையைப் பாட்டியிடமோ வேறு பொறுப்புள்ளவரிடமோ ஒப்புவித்தல் வேண்டும். வீட்டு ஆடவர் சிலிம்பி புகைப்பதாயின், குழந்தை இருக்கும் அறையில் புகைத்தலாகாது. பாங்கு சேர்த்த இனிப்புகளைத் தவழும் குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைத்தலும் ஆகாது. பண்டிகை நாட்களில் சிறு குழந்தைகள் அவற்றைத் தின்று நினைவிழப்பதுண்டு.

எவ்வாறு கேட்பது

பாஸ்டன் ஆய்வில் விசாரணையாளரிடம் சொல்லாததை, நம் கிராமத்துப் பெண் ஒரு பதிவேட்டின் முன் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்க்கலாகாது. “கஞ்சா சாப்பிடுவதுண்டா?” என்ற நேர்க்கேள்விக்கு விடை ‘இல்லை’ என்பதே. “வாந்திக்கோ தூக்கத்திற்கோ வயிற்றுக் கோளாறுக்கோ ஏதேனும் லேகியம், உருண்டை, சர்பத் சாப்பிடுகிறீர்களா, அம்மா? அதன் உறையை வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டால், மாமியார் வாங்கித் தந்த உருண்டையின் தாளை எடுத்து வருவாள். பண்டிகையைக் குறித்துத் தனியாகக் கேட்கவேண்டும். தெய்வப் பிரசாதத்தைப் போதைப் பொருளோடு சேர்த்துப் பேசினால் அவள் மனம் புண்படும், உண்மையும் வராது. இக்கேள்வியை மாமியார், கணவர் முன்னிலையில் கேட்பதினும் தனித்திருக்கும்போது கேட்பதே நன்று.

கிடைத்த விடையைப் பிறர் அறியச் செய்தல் கூடாது. களப்பணியாளர் காவல் துறையினர் அல்லர். ஒரு பெண் தன் இரகசியத்தைச் சொன்னதால் துன்புற்றாள் என்ற செய்தி பரவினால், அக்கிராமத்தில் இன்னும் பத்துப் பெண்கள் பரிசோதனைக்கே வராமல் நின்றுவிடுவர். கர்ப்பகாலப் பரிசோதனையை இழப்பதால் சிசுவுக்கு நேரும் தீங்கு, பாங்கினால் நேருவதைவிடப் பன்மடங்கு பெரிது. வழக்கத்தை விட முடியாமல் தவிப்பவள் சிகிச்சை நாடினால், சிறிய அளவு பற்றிய குற்றத்துக்கு வழக்கினின்று விலக்குப் பெற 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64அ பிரிவு வழிசெய்துள்ளது. போதை நீக்கத்திற்கான தேசியத் தொலைபேசி எண் 14446, அழைப்புக்குக் கட்டணமில்லை.

பிரதமரின் பாதுகாப்பான மகப்பேறு இயக்கத்தின்கீழ் ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் மருத்துவர் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கிறார். மேற்கூறியவாறு வெளிப்பட்ட பெண்ணை அந்நாளில் அழைத்துச்சென்று, எடை, இரத்த அழுத்தம், இரத்தசோகை ஆகியவற்றோடு சிசுவின் வளர்ச்சியையும் பார்க்கச் செய்க. பிரசவத்திற்குப்பின் ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டிற்குச் செல்லவேண்டும். வீட்டிலேயே பிரசவம் நேர்ந்திருந்தால் முதல் நாளும் செல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் குழந்தையை எடை பார்த்து, தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் குறிக்கவும். 2,500 கிராமுக்குக் குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்துத் துணியால் சுற்றி வைத்துக்கொள்ளும் முறையைத் தாய்க்கும் பாட்டிக்கும் செய்துகாட்டுக. தந்தையும் அவ்வாறு வைத்துக்கொள்ளலாம். பால் குடிக்க மறுத்தல், தொடும்போது பாதம் குளிர்ந்திருத்தல், மூச்சு வாங்கும்போது மார்பு உள்வாங்குதல், எழுப்பியும் எழாத உறக்கம் — இவற்றில் எது காணப்படினும் அடுத்த வருகைக்குக் காத்திராது அன்றே மருத்துவமனைக்கு அனுப்புக. அனுப்பும் சீட்டில் தாய் உட்கொண்ட பொருளின் பெயரையும் நாளையும் மருத்துவர் மட்டும் காணும்படி எழுதி மூடிக் கொடுக்கவும்.